கடலுக்குப் போன தாலித் தேங்காய்

"ஐயோ, வீசிட்டாரே!"

சஷ்வந்த் போட்ட கூச்சல் அந்தக் கரை முழுக்கக் கேட்டது. கேட்டு என்ன செய்ய? திபோ மாமா வலை இழுத்து உரமேறிய மீனவர். அவர் கையிலிருந்து புறப்பட்ட தேங்காய் கட்டியிருந்த படகுகளைத் தாண்டியது, மிதவைகளைத் தாண்டியது, அதோ தூரத்து நீலத்தில் 'தொபுக்'கென்று விழுந்தது. வீசிய மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஊரார் கைதட்டினார்கள்!

கைதட்டாதவர்கள் மூன்றே பேர். பாவாத்தாள் அத்தை, அவருடைய தம்பி பிள்ளைகளான பதினைந்து வயது மௌலிகா, பதின்மூன்று வயது சஷ்வந்த். அத்தையின் கையில் தாம்பாளம் அப்படியே இருந்தது. அதில் மஞ்சள் அரிசி இருந்தது. அரிசியின் நடுவில் தேங்காய் இருந்த குழியும் இருந்தது. தேங்காயைத்தான் காணோம். அந்தத் தேங்காயைச் சுற்றித்தான் தாலி இருந்தது.

இவர்கள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். கரீபியன் கடலில் சாந்த் அமேலி என்கிற குட்டித் தீவுக்கு இவர்கள் ஏன் வந்தார்கள் என்றால், அத்தையின் கடைசித் தம்பி தினகரனுக்கு இன்று சாயங்காலம் கல்யாணம். தினகரன் அங்கே ஒரு கடற்கரை ஹோட்டலில் சமையல்காரர். மணப்பெண் மர்செலின் அந்தத் தீவிலேயே பிறந்தவள். சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். "கடல் தாண்டியா பொண்ணு எடுக்கறது?" என்று அத்தை மூன்று வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நான்காம் வருஷம் எப்படியோ மனம் இளகி, தானே தட்டானிடம் உட்கார்ந்து தாலி செய்து எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். ஆனாலும் மனசுக்குள் ஒரு நெருடல் இருந்துகொண்டேதான் இருந்தது.

தாலி கட்டுவதற்கு முன்னால் அதைத் தேங்காயில் சுற்றித் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டு வாழ்த்துவது நம் வழக்கம். மர்செலினின் சொந்தக்காரர்களும் தொட வேண்டாமா? அதற்காகக் காலையிலேயே அத்தை தாம்பாளத்தோடு மீனவர் குடியிருப்புக்கு வந்தார். மர்செலினின் தாய்மாமன் திபோவுக்கு நீட்டினார். தொடுவார் என்று பார்த்தால், மனிதர் தேங்காயை எடுத்து முத்தமிட்டு வீசிவிட்டார்!

மர்செலின் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். தினகரனிடம் கற்றுக்கொண்டதால் அவள் பேசுவது அச்சு அசல் கோபித் தமிழ். என்ன, கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வரும்.

"நங்கையா, மன்னிச்சுக்கோங்! எங்கூர்ல கல்யாணம்னா மொதல்ல கடலுக்கு ஏதாச்சும் குடுப்போமுங். கடலையும் கல்யாணத்துக்குக் கூப்புடறதுங். நீங்க அதுக்குத்தான் கொண்டாந்தீங்கன்னு மாமா நெனச்சுட்டாருங்."

புருஷனுடைய அக்காளை நங்கையா என்று கூப்பிட வேண்டும் என்பது வரைக்கும் தினகரன் சொல்லிக்கொடுத்திருந்தார். தாலித் தேங்காயை வீசக்கூடாது என்று மர்செலினின் மாமனுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். இந்தக் காலத்து மாப்பிள்ளைகளே இப்படித்தான்!

விஷயம் தெரிந்ததும் திபோ மாமா தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். "தாலி கடலுக்குப் போனா அதுக்கு என்ன அர்த்தம்? சாமியே வேண்டாம்னு சொல்லுதுன்னு அர்த்தம். பொழுது சாயறதுக்குள்ள அது என்ற கைக்கு வந்தா கல்யாணம். வரலீன்னா நாளைக்கே ஊருக்குப் பொறப்படறோம். தினகரனும்தான்!"

மர்செலினின் முகம் சுருங்கிப் போனது. அதைப் பார்த்த மௌலிகா அத்தையின் பக்கம் நகர்ந்தாள். "அத்தை, வேற தாலி வாங்கிக்கலாமுங்" என்று மெல்ல இழுத்தாள்.

"வாயை மூடு கண்ணு. தாலி என்ன கொத்தமல்லிக் கட்டா?"

மர்செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடலைப் பார்த்தாள், காற்றைப் பார்த்தாள். தொழில்காரி அல்லவா! "இங்க விழுகறது எல்லாம் ஒரே எடத்துக்குத்தான் போகுமுங். தண்ணி இழுத்துட்டு அந்த மலை மூக்கைச் சுத்தி பூதக் குகைக்குக் கொண்டுபோயிரும். போன மாசம் மாமாவோட தொப்பி அங்கதான் கெடைச்சுது. போலாமுங்களா?"

"போலாம் சித்தி!" என்று குதித்தான் சஷ்வந்த்.

"தாலி ஏறாம என்னடா சித்தி?" என்று அதட்டினார் அத்தை. ஆனால் படகில் முதலில் ஏறியவர் அவர்தான்!

மர்செலினின் படகு மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு. அதற்கு எண்ணெய் வாங்கி ஊற்றிக் கிளம்புவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. பின்னால் கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு இரண்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். குகை வாய் குறுகல், பெரிய படகு நுழையாது. எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டினாள். அத்தை கல்யாணத்துக்கென்று கட்டியிருந்த அரக்குப் பட்டின் மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டை ஏறியது. சஷ்வந்த் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான்.

"சிரிச்சே, தள்ளி உட்டுருவேன்!"

படகு சீறிப் பாய்ந்தது! தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது, பிறகு நீலமானது, பிறகு இன்னும் ஆழமான நீலமானது. வெள்ளை மணல், அதற்குப் பின்னால் வரிசையாகத் தென்னைகள். தென்னை ஒவ்வொன்றும் கடலுக்குள் காய்களைப் போட்டுக்கொண்டிருந்தது. மௌலிகா அவற்றை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். ஒரு தேங்காயைத் தேடிப் போகிற வழியில் இத்தனை தேங்காயா?

பயந்தது போலவே ஆகிவிட்டது. மலை மூக்கைச் சுற்றிக் குகை வாயில் கயாக்குகளை இறக்கினார்கள். ஒன்றில் மர்செலினும் அத்தையும், இன்னொன்றில் பிள்ளைகள். தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தால், அம்மாடியோ! கூரையில் ஒரு பொத்தல். அது வழியாக வெயில் தண்ணீருக்குள் இறங்கி, குகை முழுக்க நீல விளக்குப் போட்டது போல மின்னியது. அந்த நீலத்தில் தேங்காய், தேங்காய், எங்கே பார்த்தாலும் மிதக்கும் தேங்காய்!

"இதுல நம்முளது எதுன்னு கண்டுபுடிக்கறது?" என்று சஷ்வந்த் வாய் பிளந்தான்.

"டேய், இது எல்லாம் மட்டையோட இருக்குது" என்றாள் மௌலிகா. "நம்ம தேங்காய் உரிச்ச தேங்காய். உச்சியில குடுமி இருக்கும். குடுமி வெச்சதைத் தேடு!"

தேடினார்கள். துடுப்பால் விலக்கி, கையால் புரட்டி, ஒவ்வொன்றாகத் தேடினார்கள். குடுமி வைத்த தேங்காய் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் வெளியே ஒரு பெரிய அலை எழும்பிக் குகைக்குள் புகுந்தது. "புடிச்சுக்கோங்!" என்று மர்செலின் கத்துவதற்குள் பிள்ளைகளின் கயாக் கவிழ்ந்தது! மௌலிகா விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சஷ்வந்த்தை அலை தூக்கிக்கொண்டு உள்பாறைப் பக்கம் போனது. அங்கே பாறை கூர் கூராக நீட்டிக்கொண்டிருந்தது.

மர்செலின் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் குதிப்பதற்கு முன்னால் பக்கத்தில் 'தடால்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கயாக்கில் அத்தை இல்லை! அரக்குப் பட்டு தண்ணீரில் குடை போல விரிய, பாவாத்தாள் அத்தை கையை வீசி வீசி நீந்திக்கொண்டிருந்தார். பாறைக்கு ஒரு முழம் இருக்கும்போது சஷ்வந்த்தின் மிதவைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"நங்கையா! உங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா?" மர்செலினுக்குக் கண் விரிந்தது.

"எங்க தோட்டத்துக் கெணறு இதைவிட ஆழம் அம்மணி!" மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் அத்தை. "பம்புசெட்டு ரூம் மேல ஏறிக் குதிச்சவடி நானு. சீலைதான் போச்சு."

அம்மணி! வந்து நாலு நாளில் அத்தை மர்செலினை முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். கூப்பிட்டதை அத்தையே கவனிக்கவில்லை. மர்செலின் கவனித்தாள்.

பாறையைப் பிடித்து நின்ற அத்தை திடீரென்று, "அட அக்குறும்பே! இதைப் பாருங்க!" என்றார். தண்ணீருக்கு மேலே, உலர்ந்த பாறைத் திட்டில், ஆரஞ்சுப் பூச்சரம் ஒன்று கிடந்தது. விடிகாலையில் தீவுப் பூக்களைப் பறித்து அத்தை தன் கையால் தொடுத்துத் தேங்காயில் சுற்றிய சரம்!

"பூ தானா பாறை ஏறுமா? ஏறாது" என்றார் அத்தை. "ஆரோ தேங்காயை எடுத்து, பூவைக் கழட்டி இங்க வெச்சிருக்காங்க."

மர்செலின் நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "ரூஃபஸ்! என்னை மாதிரி அவனும் படகுக்காரனுங், காலைல ஆளுகளைக் கூட்டிட்டு இங்க வருவானுங். இப்பப் பவளப் பாறைக்குப் போயிருப்பான்."

வெளியே வந்து படகை விரட்டினார்கள். பவளப் பாறைக்கு மேலே ரூஃபஸின் வெள்ளைப் படகு நின்றது. ஆனால் படகில் ஆள் இல்லை. மூச்சுக் குழாய்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் எல்லாம் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு மீன் பார்க்கிறார்கள்!

"கூப்புட்டாக் கேக்காதுங். கீழ போய்த்தான் கேக்கோணும். நீல உடுப்புல இருக்கறவன்தான் ரூஃபஸுங்" என்று மர்செலின் பிள்ளைகளுக்கு முகமூடியை மாட்டிவிட்டாள்.

மௌலிகா மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். ஆகா! கீழே இன்னொரு ஊரே இருந்தது. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று திரும்பியது, எல்லாம் சேர்ந்தே திரும்பியது. ஆமை ஒன்று, அவசரமே இல்லாத பெரிய மனுஷி மாதிரி, அவள் முகத்தருகே கடந்து போனது. ஒரு நிமிஷம் அவளுக்குத் தாலியும் மறந்தது, கல்யாணமும் மறந்தது. சஷ்வந்த் இடுப்பில் கிள்ளிய பிறகுதான் நினைவு வந்தது.

நீல நிற நீச்சல் உடையில் ரூஃபஸ் அடியில் நீந்திக்கொண்டிருந்தான். மௌலிகா மூச்சைப் பிடித்து இறங்கி அவன் தோளைத் தட்டினாள். தண்ணீருக்குள் என்னவென்று பேசுவது? இரண்டு கையாலும் உருண்டை காட்டினாள். பிறகு தலை உச்சியில் கையை வைத்து, விரல்களைச் சேர்த்துக் குடுமியாக நிறுத்தினாள்!

ரூஃபஸின் மூக்கிலிருந்து குமிழி குமிழியாகச் சிரிப்பு வந்தது. தலையை ஆட்டினான். தேங்காயை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படம் எடுத்துக்கொண்டதை நடித்துக் காட்டினான். பிறகு ஒரு கையில் உளி பிடித்துச் செதுக்குவது போலச் செய்து, ஊர்ப் பக்கம் கையை நீட்டினான்.

மேலே வந்து சொன்னதும் மர்செலினுக்குப் புரிந்துவிட்டது. "ஆன்செல்ம் தாத்தா! சந்தையில தேங்காய்ப் பொம்மை பண்ணி விக்கறவருங். ரூஃபஸ் நல்ல தேங்காயைப் பாத்தா அவருக்குத்தான் குடுப்பானுங்."

"செதுக்கறாரா? தாலியோடயா?" அத்தை நெஞ்சைப் பிடித்தார். "உடு படகை!"

துறைமுகத்தை ஒட்டிச் சந்தை. ஜாதிக்காய் வாசனை, வறுத்த மீன் வாசனை, பாட்டுச் சத்தம்! ஓலைத் தொப்பி, சங்கு மாலை, பாட்டில் பாட்டிலாக மிளகாய்க் குழம்பு. சொட்டச் சொட்ட நனைந்த பட்டுச் சேலையோடு ஓர் அம்மாள் வேகமாக நடந்து வந்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? அத்தை யாரையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கடையில் மட்டும் கால் நின்றது. பட்டை, கிராம்புக் கடை. ஒரு பட்டையை ஒடித்து மோந்து, "அட, மணக்குதே! என்ன வெலையாமா?" என்றார்.

"அத்தை!" என்று இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"சும்மா கேட்டேன்" என்று பட்டையைக் கீழே வைத்தார். கேட்காமல் கடையைத் தாண்டிய வழக்கம் அவருக்குக் கிடையாது, பாவம்.

ஆன்செல்மின் கடையில் தேங்காய்க் குரங்குகள், தேங்காய்க் கொள்ளைக்காரர்கள், தேங்காய் ராணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதற்கும் குடுமி இல்லை. மர்செலின் அவசர அவசரமாகக் கேட்க, கிழவரின் முகம் மலர்ந்தது. அவர் சொல்லச் சொல்ல இவள் தமிழில் சொன்னாள்.

"செதுக்கலையாமுங்! முடி, சங்கிலி எல்லாம் தானாவே வந்த தேங்காயை எதுக்குக் கெடுக்கோணும்னு, கண்ணு மூக்கு வாயி மட்டும் வரைஞ்சாராமுங். கயித்துல தொங்கறது பித்தளைன்னு நெனச்சு அப்புடியே உட்டுட்டாராமுங். ஒரு கொழந்தை கட்டிப்புடிச்சுட்டு உடலையாமுங். அதோட அப்பா அம்மா அதை வாங்கிக் குடுத்துட்டு மலைக் கோட்டை பாக்கப் போயிட்டாங்களாமுங்."

சஷ்வந்த் வானத்தைப் பார்த்தான். சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. "ஓடுங்க!"

பக்கமெல்லாம் திறந்த சுற்றுலா வண்டி ஒன்று மணியடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நால்வரும் பாய்ந்து தொற்றினார்கள். வளைந்து வளைந்து மலை ஏறியது வண்டி. ஒவ்வொரு வளைவிலும் கடல் இன்னும் விரிந்தது. வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கொள்ளைக் கப்பல் கதை சொன்னார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். மர்செலின் மட்டும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அத்தை அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். முந்தானையைப் பிழிந்து, அவள் கன்னத்தில் காய்ந்திருந்த உப்பைத் துடைத்துவிட்டார்.

கோட்டை மதிலில் பழைய பீரங்கி ஒன்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கால் போட்டு ஓர் ஐந்து வயதுச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இருந்தது தேங்காய்! உச்சியில் குடுமி, பெரிய பெரிய கண்கள், காது வரைக்கும் சிரிப்பு. மஞ்சள் கயிறு சுற்றிச் சுற்றி இருக்க, நடுவில் பளிச்சென்று தாலி!

"கெடைச்சிருச்சு!" என்று சஷ்வந்த் பாய்ந்தான். சிறுமி மிரண்டு தேங்காயை நெஞ்சோடு அணைத்து, வீல் என்று அலறினாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள்.

"டேய், எட்டப் போடா முரடா" என்று அவனைத் தள்ளிவிட்டு அத்தை சிறுமியின் முன்னால் மண்டியிட்டார். "அழுகாத சாமி. ஆரும் புடுங்க மாட்டோம்."

மர்செலின் அந்தப் பெற்றோரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் உடனே தந்துவிடலாம் என்றார்கள். சிறுமியோ தலையை ஆட்டினாள். அவள் பெயர் ஈடித். ஈடித் சொன்னதை மர்செலின் மெல்லத் தமிழில் சொன்னாள். "இது சிரிக்கறதே சங்கிலி போட்டிருக்கறதுனாலதானாமுங். கழட்டினா அழுகுமாமுங்."

"அந்தச் சங்கிலி இந்தப் பொண்ணோடதுன்னு சொல்லு" என்று அத்தை மர்செலினையே காட்டினார். "இன்னிக்கு இவ கழுத்துல ஏறலீன்னா இவ அழுவா. நானும் அழுவேன்."

சொல்லும்போதே அத்தைக்குக் குரல் உடைந்தது. காலையில் விமானம் ஏறுவேன் என்று மிரட்டியவர் அவர்தானே? அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஈடித் மர்செலினை மேலும் கீழும் பார்த்தாள். நனைந்த தலை, சிவந்த கண்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். மர்செலின் சிரித்துவிட்டாள். "பொம்மையையும் கல்யாணத்துக்குக் கூப்புடுவீங்களான்னு கேக்கறாளுங்."

"கூப்புடாமயா? இந்தத் தேங்காய் இல்லாமக் கல்யாணமே கெடையாது! தட்டை நீதான் சாமி தூக்கிட்டு வரோணும்."

ஈடித் தேங்காயைப் பார்த்தாள். அதன் காதில் ஏதோ சொன்னாள். பிறகு பீரங்கியிலிருந்து சறுக்கி இறங்கி அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்! மௌலிகாவும் சஷ்வந்த்தும் போட்ட கூத்தில் கோட்டைப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

திரும்பி வரும் வண்டியில் அத்தை தேங்காயையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏண்டி மௌலி, ஊர்ல தாலித் தட்டை எதுக்குச் சுத்தி அனுப்பறோம்?"

"எல்லாரும் தொட்டு வாழ்த்தத்தானுங் அத்தை."

"அதான். மாமா தொட்டாரு. கடலு தொட்டுச்சு. குகைக்கு வந்த ஊர் பேர் தெரியாதவங்க எல்லாம் கைல வாங்கித் தொட்டாங்க. அந்தப் பெரியவர் கண்ணு தெறந்து உட்டாரு. இந்தக் கொழந்தை கட்டிப்புடிச்சே வெச்சிருந்துச்சு." அத்தை மூக்கை உறிஞ்சினார். "என்ற கல்யாணத்துல மண்டபத்தோட சரி. இதைச் சாமி வேண்டாம்னு சொன்னதா நெனச்சனே, நான் ஒரு மடச்சி. சாமி ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்திருக்குது."

வழி நெடுக வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆன்செல்முக்குக் குங்குமம் வைத்தார். கரைக்கு வந்திருந்த ரூஃபஸுக்கும் அவன் கூட்டத்துக்கும் வைத்தார். "சாயங்காலம் கல்யாணம், குடும்பத்தோட வந்துருங்" என்று சுத்தமான கோபித் தமிழில் அழைத்தார். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்!

கடற்கரையில் தென்னங்கீற்றுப் பந்தல். சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. அவசரமாக வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், தேங்காய்க்குக் கண்ணும் வாயும் முளைத்திருப்பதைப் பார்த்து, "இது என்னுங்க அக்கா?" என்று திருதிருவென்று விழித்தார்.

"உன்னைப் பாத்துத்தாண்டா சிரிக்குது. பேசாம உக்காரு" என்றார் அத்தை.

ஈடித் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு சுற்றி வந்தாள். தேங்காய் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தொட்டார்கள். தட்டு திபோ மாமாவிடம் வந்தது. பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டது! சஷ்வந்த் ஓடிப்போய் அவருக்கும் கடலுக்கும் நடுவில் கைகளை விரித்து நின்றான். திபோ மாமா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மறுகையின் ஒற்றை விரலால், தூங்கும் குழந்தையைத் தொடுவது போல, தேங்காயின் குடுமியைத் தொட்டார். வெடித்த சிரிப்பில் மேளச் சத்தம் அமுங்கிப்போனது.

சூரியன் கடலைத் தொட்ட வேளையில் தாலி ஏறியது. மர்செலின் குனிந்து அத்தையின் காலைத் தொட்டாள். அத்தை அவளைத் தூக்கி நிறுத்தி இறுக்கிக் கட்டிக்கொண்டார். கண்ணீர் இரண்டு பேருக்கும் வந்தது, துடைக்கத்தான் இருவருக்கும் தோன்றவில்லை.

திபோ மாமா தெரியாமல் செய்துவிட்ட ஒரு பிழையை விதி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தால், மௌலிகா யோசித்தாள், ஆமையும் இல்லை, ஈடித்தும் இல்லை, சித்தியும் இல்லை. தேடிப் போனதுதான் நல்லது.

"ஏண்டா சஷ்வந்து!" அத்தையின் குரல் பந்தலைத் தாண்டி வந்தது. "பாயசத்துக்கு அப்பறம் அலைஞ்சுக்கலாம். சித்தி காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடலை. போய் எலை போட்டு உங்க சித்தியைக் கூட்டிட்டு வா!"